தான்சானியால ப்ரீபெய்டு கரண்ட் வாங்குறீங்களா, மெசேஜ்ல வந்த நம்பர் எல்லாத்தையும் கேட்டு வாங்குங்க

இன்னும் எரிச்சல் அடங்கல, அதனால கொஞ்சம் புலம்பலாத்தான் இருக்கும். என் வீட்டுக்காரருக்கு முஃபிண்டி பக்கம் ஒரு டீ ஃபேக்டரில பாய்லர் வேலை. குவார்ட்டர்ஸ் காலி இல்லன்னு சொல்லிட்டாங்க, அதான் கிராமத்துலயே ஒரு வீடு வாடகைக்கு எடுத்தோம். நல்ல வீடு, தகரக் கூரை, பின்னாடி தண்ணி டேங்க் எல்லாம் இருக்கு, ஆனா மாசக்கணக்கா பூட்டியே கிடந்த வீடு. அதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்னு அப்ப தோணல, அப்புறம் தெரிஞ்சது. 2024 நவம்பர், மழை ஆரம்பிச்சிருச்சு, மீட்டர்ல யூனிட் ஜீரோ.

இங்க கரண்ட் வாங்குறது சுலபம்னுதான் எல்லாரும் சொன்னாங்க. மீட்டர் நம்பர் சொல்லி போன்ல பணம் கட்டினா 20 இலக்க நம்பர் ஒண்ணு, டோக்கன்னு சொல்லுவாங்க, மெசேஜ்ல வரும், அதை சுவத்துல இருக்கிற கீபேடுல அடிச்சு என்டர் தட்டினா வேலை முடிஞ்சது. ஆனா எனக்கு அப்ப சிம்மே இல்ல. கைரேகை வச்சு ரிஜிஸ்டர் பண்ணாத சிம் இங்க ஓடாது, என்னோட பெர்மிட் பேப்பர் இன்னும் கைக்கு வரல. அவர் ஷிப்ட்ல இருந்தா போன் எடுக்க மாட்டார். அதனால ரோட்டோரத்துல குடை போட்டு உக்காந்திருக்கிற பண ஏஜென்ட், இங்க வக்காலான்னு சொல்லுவாங்க, அந்தப் பையன்கிட்டதான் போனேன்.

10,000 ஷில்லிங் குடுத்தேன். வழக்கமா அந்தக் காசுக்கு 28 யூனிட் வரும்னு அவர் சொல்லி அனுப்பியிருந்தார். பையன் போனைப் பார்த்துட்டு ஒரு துண்டுச் சீட்டுல நம்பரை எழுதி நீட்டினான், கீழ யூனிட் 2.8ன்னு போட்டிருக்கான். எனக்கு தலையே சுத்திருச்சு. ஏமாத்துறான்னு நினைச்சு சத்தம் போடப் போனேன், நல்லவேளை பக்கத்துல நின்ன ஒரு பெரியவர் பொறுமையா விளக்கினார். இங்க வீட்டு வரியைக் கரண்ட் காசுலயே பிடிச்சிருவாங்க, 2021ல ஆரம்பிச்சது, சாதாரண வீட்டுக்கு அப்ப மாசம் 1,000, 2023ல இருந்து 1,500. வீடு பூட்டிக் கிடந்து யாரும் கரண்ட் வாங்கலன்னா அந்த மாசத்து வரியெல்லாம் சேர்ந்துகிட்டே இருக்கும், அடுத்து எவன் வாங்குறானோ அவன் தலையில மொத்தமா விழும். ஆறு மாசப் பாக்கி 9,000 போயிருச்சு, மிச்ச ஆயிரத்துலயும் 18 சதவீதம் வாட், அதுக்கு மேல சின்னச் சின்னப் பிடித்தம், அதெல்லாம் போகத்தான் எனக்கு அந்த 2.8.

சரி, ராத்திரிக்கு லைட்டாவது எரியுமேன்னு வீட்டுக்கு வந்து அடிச்சா, எடுக்கல. திரும்ப அடிச்சேன், எடுக்கல. ஒவ்வொரு எண்ணா வாய்விட்டுச் சொல்லி அடிச்சேன், அதுக்கும் எடுக்கல. தொடர்ந்து அடிச்சதுல கீபேடு கொஞ்ச நேரம் எதைத் தட்டினாலும் கண்டுக்கவே இல்ல. வெளியில மழை, உள்ள கும்மிருட்டு.

காரணம் என்னன்னு பின்னாடிதான் புரிஞ்சது. இந்த மாதிரி மீட்டருக்கு டோக்கன் தயார் பண்ற கம்ப்யூட்டர், 1993 ஜனவரி 1லேர்ந்து நிமிஷக் கணக்கா எண்ணி ஒவ்வொரு டோக்கனுக்கும் ஒரு நேர முத்திரை வைக்குமாம். அந்த எண்ணிக்கைக்கு ஒதுக்கின இடம் 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் நிமிஷத்தோட நிரம்பிடும், அது முடிஞ்ச நாள் 2024 நவம்பர் 24. உலகம் பூரா இந்த வகை மீட்டர் எல்லாத்துக்கும் இதே கதைதான். அதுக்குள்ள மீட்டரைப் புது சாவிக்கு, அதாவது டோக்கனைச் சரிபார்க்கிற ரகசிய எண்ணுக்கு, மாத்த வேண்டியிருந்துச்சு, அதுக்காக டோக்கனுக்கு முன்னாடி ரெண்டு 20 இலக்க நம்பர் கூடவே அனுப்பியிருக்காங்க. ஆக மொத்தம் மூணு நம்பர், 60 இலக்கம். அந்தப் பையன் முதல் ரெண்டும் ஏதோ கம்பெனி சமாச்சாரம், தேவையில்லன்னு அவனே முடிவு பண்ணி கடைசி நம்பரை மட்டும் எழுதிக் குடுத்திருக்கான்!

மறுநாள் அவனைத் தேடிப் போனா குடையையே காணோம். ஊர்ல ஒரு சாவு, அங்க போயிருக்கான், இங்க சாவுன்னா ஊரே போகும், அதுல நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா சாயங்காலம் திரும்பி வந்தவன் அந்த மெசேஜை டிலீட் பண்ணிட்டேன் டாடான்னு சிரிச்சுக்கிட்டே சொன்னப்பதான் தாங்கல. டாடான்னா இங்க அக்கா, மரியாதைக்கெல்லாம் குறைச்சலே இல்ல.

அப்புறம் டவுன்ல இருக்கிற கரண்ட் ஆபீஸ். சேத்துல போடாபோடால, அதாவது பைக் டாக்ஸில, போய் இறங்கும்போது சேலை முழங்கால் வரைக்கும் செம்மண். கவுன்டர்ல இருந்தவர் மீட்டர் யார் பேர்ல இருக்குன்னு கேட்டார். எனக்கென்ன தெரியும், முன்னாடி குடியிருந்தவர் பேரா ஓனர் பேரா? பேர் இல்லாம பார்க்க முடியாது, நாளைக்கு வாங்கன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டார். மீட்டர் நம்பர் கையில இருக்கு, அதை அடிச்சாலே பேர் வந்து நிக்கும், ஆனா அடிக்க மனசு வரல அவருக்கு.

வாசல்ல வந்து நின்னு அழாத குறைதான். யூனிஃபார்ம் போட்ட லைன்மேன் ஒருத்தர் ஏணியைக் கட்டிக்கிட்டு இருந்தார். எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஸ்வாஹிலில முதல்ல ஷிகமோ சொன்னேன். இதை மட்டும் யாரும் மறந்துடாதீங்க, இங்க வணக்கம் சொல்லி வீடு வாசல் நலம் விசாரிக்காம நேரா விஷயத்துக்குப் போனா பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்குவாங்க. அவர் சீட்டை வாங்கிப் பார்த்தார், போலே சானா, போலே சானான்னு (ரொம்ப வருத்தமா இருக்குன்னு அர்த்தம்) சொல்லிக்கிட்டே உள்ள போனார், மூணு நம்பரையும் பிரிண்ட் எடுத்துட்டு வந்து 1, 2, 3ன்னு பேனாவால வரிசை வேற போட்டுக் குடுத்தார். சோடா வாங்கிக் குடுக்கக் கூப்பிட்டேன், மழை விட்டிருக்கு வேலை கிடக்குன்னு கிளம்பிட்டார். அவர் நல்லா இருக்கணும்.

கரண்ட் இல்லாத நாள் பூரா எங்களுக்குச் சோறு போட்டது பக்கத்து வீட்டு அம்மாதான். நான் கேக்கவே இல்ல, அவங்களே கரி அடுப்பை மூட்டித் தூக்கிட்டு வந்து வாசப்படில வச்சாங்க. தார் எஸ் சலாம்லேர்ந்து பஸ் பார்சல்ல வரவழைச்ச உளுந்துல அரைச்ச மாவு ஃப்ரிட்ஜ்ல கிடந்துச்சு, அதை அந்த அடுப்புலயே தோசையா ஊத்தினேன், அவங்க பிள்ளைங்க சுத்தி உக்காந்து தின்னு தீர்த்துட்டாங்க. கரிக்குக் காசு நீட்டினா கையைத் தட்டி விட்டுட்டாங்க. நம்பர் அடிக்கும்போதும் அவங்க பெரிய பையன்தான் டார்ச் பிடிச்சு நாலு நாலு இலக்கமா வாசிச்சான், மூணாவது ஏறி லைட் எரிஞ்சதும் அவன் போட்ட கூச்சல் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

2.8 யூனிட் எத்தனை நாளைக்கு? மறுநாளே 20,000க்கு வாங்கினேன், பாக்கி எல்லாம் தீர்ந்ததால முழுசா 56 யூனிட் வந்துச்சு.

புதுசா வீடு பார்க்கிறவங்க அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடி அந்த மீட்டருக்குக் கடைசியா எப்ப கரண்ட் வாங்கினாங்கன்னு கேளுங்க. மீட்டர் யார் பேர்லன்னும் எழுதி வாங்கிக்குங்க. ஏஜென்ட்கிட்ட வாங்கினா அவன் எழுதித் தர்றதை நம்பாதீங்க, மெசேஜை அப்படியே போட்டோ எடுங்க. கீபேடு பேட்டரில ஓடுற மாடலா இருந்தா ஒரு செட் பேட்டரி வீட்டுல வைங்க.

அந்த 9,000 ஓனர் கட்ட வேண்டிய வரிதான், வாடகைக்கு இருக்கிறவங்க கட்டினா திருப்பிக் கேக்கலாம். ரசீதைக் காட்டிக் கேட்டேன். முதல்ல காது கேக்காத மாதிரி மழையைப் பத்திப் பேசினார், பக்கத்து வீட்டு அம்மா நடுவுல புகுந்து ஒரு சத்தம் போட்டதும் அடுத்த மாச வாடகைல கழிச்சுக்கோன்னுட்டார். அதையும் சீட்டுல எழுதிக் கையெழுத்து வாங்கிட்டேன்.