ஏழு கெப்பாசிட்டர்கள், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

2003-இல் அப்பாவும் நானும் சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, பாகம் பாகமாகப் பேரம் பேசி வாங்கி, வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் பூட்டிய கணினி இது. பென்டியம் 4, 2.4 கிகாஹெர்ட்ஸ், 256 எம்பி ராம், 40 ஜிபி ஹார்டு டிஸ்க். பிறகு எனக்கும் சொந்தக்காரர்களுக்குமாக எத்தனையோ கணினிகளைப் பூட்டிவிட்டேன். பரணில் கிடந்த இதைப் பழைய இரும்புக்குப் போட மட்டும் மனம் வரவில்லை.

முதல் ஞாயிறு. தூசி தட்டி, ராமின் பொன்னிறத் தகடுகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, செத்துப்போயிருந்த சிஆர்2032 பேட்டரியை மாற்றிவிட்டு சுவிட்சை அழுத்தினேன். விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. ஆறேழு முறை அழுத்தினால் ஒருமுறை எழுந்தது. ஒரே நிமிடத்தில் அணைந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. பிராசஸரைச் சுற்றி மின்சாரத்தைத் தேக்கி விடும் சின்ன உருளைகளான கெப்பாசிட்டர்கள் இருக்கும்; அவற்றில் ஏழு தலை உப்பி நின்றன. உள்ளே வாயு சேர்ந்தால் வெடிக்காமல் பிளந்துகொள்ள அவற்றின் தலையில் கூட்டல் குறிபோல ஒரு கீறல் இருக்கும். இரண்டில் அது பிளந்து, பழுப்புக் கசடு காய்ந்து ஒட்டியிருந்தது.

2000-களின் தொடக்கத்தில் வந்த ஏராளமான மதர்போர்டுகளுக்கு, அதாவது எல்லா பாகங்களும் பொருந்தும் முதன்மைப் பலகைகளுக்கு, இதே கதிதான். கெப்பாசிட்டருக்குள் இருந்த திரவம் தரமில்லாதது. இந்த பிராசஸர் 1.5 வோல்ட் அளவில் ஏறத்தாழ 40 ஆம்பியர் இழுக்கும். பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டை அவ்வளவு கீழே இறக்கும்போது எழும் அலைகளை அடக்குவது இந்தச் சின்ன உருளைகள்தான்.

இரண்டாம் ஞாயிறு முழுவதும் தேடலில் போனது. எனக்கு வேண்டியவை 3300 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட், 105 டிகிரி வரை சூடு தாங்கும், உள்தடை குறைந்த வகை. முதல் கடையில் அதே மதிப்பில் 85 டிகிரி சாதாரண வகையை எடுத்து வைத்தார்கள். இந்த இடத்துக்கு அது ஆகவே ஆகாது; சூடேறிச் சீக்கிரமே உப்பிவிடும். நான்காவது கடையில் சரியானது கிடைத்தது.

மூன்றாம் ஞாயிறுதான் கைவேலை. கழற்றுவதற்கு முன்பு எந்தப் பக்கம் எதிர்முனை என்று படம் எடுத்துக்கொண்டேன். போர்டில் அச்சிட்டிருக்கும் பாதி வட்டத்தை நம்பக் கூடாது. சில தயாரிப்பாளர்கள் அதைத் தலைகீழாக அச்சிடுவார்கள். நேர்முனைக் கால்கள் எளிதாக வந்துவிட்டன. எதிர்முனைக் கால்கள் போர்டின் உள்ளடுக்கிலுள்ள பெரிய செப்புத் தகட்டோடு சேர்ந்தவை. எவ்வளவு சூட்டையும் அது குடித்துவிடுகிறது. 25 வாட் சால்டரிங் அயர்ன் தோற்றது. 60 வாட்டுக்கு மாறி, பழைய ஈயத்தின் மேல் புது ஈயம் கொஞ்சம் உருக்கி விட்டதும் கால் மெல்ல நழுவியது. துளையில் தங்கிய ஈயத்தைச் சூடாக்கி, துடைப்பத்திலிருந்து ஒடித்த ஈர்க்குச்சியைச் செருகினேன். ஈர்க்கில் ஈயம் ஒட்டாது. உருவியதும் துளை சுத்தமாக இருந்தது. ஏழுக்கும் நான்கு மணி நேரம் ஆனது.

சுவிட்சை அழுத்தினேன். குட்டையாக ஒரே ஒரு பீப். திரையில் ராம் எண்ணிக்கை ஓடத் தொடங்கியதும் அப்பாவைக் கூப்பிட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, அது எண்ணி முடிக்கும்வரை என் பக்கத்திலேயே நின்றார்.

இரவு முழுவதும் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரல் ஓடியது. ஒரு பிழைகூட இல்லை. ஹார்டு டிஸ்க்கில் மட்டும் டிக் டிக் என்று சத்தம் வருகிறது. அதிலுள்ள 2004-ஆம் ஆண்டுப் படங்களை முதலில் நகலெடுக்க வேண்டும். அடுத்த ஞாயிறு அதற்குத்தான்.