பாங்காய் மீன் வாங்குவதற்கு முன்

தம்பி மகன் மீன் கடையில் பாங்காய் கார்டினல் தொட்டியைவிட்டு நகரவே மாட்டேன் என்கிறான். "பெரியப்பா, இதுதான் வேணும்!" ஆசைப்படாமல் எப்படி இருப்பான்? விரல் நீளம்தான் இருக்கும். வெள்ளி உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை, கத்தரிக்கோல் போலப் பிளந்த வால், துடுப்பெல்லாம் வெள்ளைப் பொட்டு.

இந்த மீனின் சொந்த இடம் இந்தோனேசியாவில், சுலவேசிக்குக் கிழக்கே இருக்கும் பாங்காய் தீவுகள். கரையோர ஆழமற்ற நீரில், கடல் முள்ளெலிகளின் (உடம்பெல்லாம் முள் கொண்ட உருண்டையான கடல் உயிரிகள்) நீண்ட முட்களுக்கு நடுவே ஒளிந்து வாழும். முட்டைகளை ஆண் மீன்தான் வாயில் வைத்துக் காக்கும். பொரித்த பிறகும் சில நாள் குஞ்சுகள் அப்பாவின் வாயிலேயே இருக்கும். அதுவரை அதற்குப் பட்டினிதான். வெளியே வந்த குஞ்சுகளும் நீரோட்டத்தோடு தூரம் போகாமல் பிறந்த இடத்திலேயே தங்கிவிடும். அதனால் ஒரு கரையில் பிடித்துத் தீர்த்துவிட்டால், பக்கத்துத் தீவிலிருந்து மீன் வந்து அந்த இடத்தை நிரப்புவது அரிது. 1990களில் மீன்தொட்டி வியாபாரத்துக்காக அள்ளத் தொடங்கினார்கள். 2007-இல் அழியும் ஆபத்துள்ள இனமாக, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் (IUCN) சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது.

சரி, வளர்க்கவே கூடாதா? வளர்க்கலாம். இது தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கும், பண்ணை மீன்களும் விற்பனைக்கு வருகின்றன. "அங்கிள், பண்ணையில் வளர்த்ததா, கடலில் பிடித்ததா?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். தெளிவான பதில் வராத கடையில் நான் வாங்குவதில்லை.