குளோனார்ட் மடத்துக் குருமார்

யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் படித்த எவருக்கும் அயர்லாந்து அந்நிய தேசமாகத் தோன்றாது. அமலமரித் தியாகிகள் சபையின் ஐரிஷ் குருவும் கல்லூரியின் முன்னாள் அதிபருமான லோங் அடிகளாரின் பெயரைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். ஆகவே எண்பதுகளின் தொடக்கத்தில் வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்டில் றோயல் விக்டோரியா வைத்தியசாலையில் எனக்கு வேலை கிடைத்தபோது, கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தருக்கும் இடையிலான மோதலில் அங்கே குண்டு வெடிக்கிறதே என்று உறவினர்கள் தடுத்தும் நான் மகிழ்ச்சியோடுதான் புறப்பட்டேன்.

வைத்தியசாலையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் குளோனார்ட் மடம் இருக்கிறது. உலக மீட்பர் சபையினர் நடத்துவது. பங்கு பங்காகச் சென்று தியானப் பிரசங்கம் செய்யும் மறைபரப்பாளர்கள் அவர்கள். வியாழக்கிழமைதோறும் அங்கே சதா சகாய மாதா நவநாள் நடக்கும். மடத்தைச் சுற்றியுள்ள தெருக்களின் பெயர்கள் என்னைத் திகைக்க வைத்தன: காஷ்மீர் வீதி, லக்னோ தெரு, கான்பூர் தெரு, பம்பாய் தெரு.

அந்தப் பம்பாய் தெரு எரிந்ததை மடத்திலிருந்தே கண்ட முதிய குருவானவர் ஒருவர், நவநாள் முடிந்து தேநீர் அருந்தும்போது எனக்கு அதைச் சொன்னார். 1969 ஆகஸ்ட் 12 ஆம் திகதி டெரி நகரில் புரட்டஸ்தாந்தரின் அணிவகுப்பையொட்டி வெடித்த கலவரம் இரண்டே நாளில் பெல்ஃபாஸ்டுக்குப் பரவியது. ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். அன்று இரு தரப்பும் கல்லும் பெற்றோல் குண்டும் துப்பாக்கியுமாக மோதின. மடத்திலிருந்தே சுடுகிறார்கள் என்ற வதந்தி புரட்டஸ்தாந்தர் பக்கத்தில் பரவியிருந்தது. குருமாரோ காவல்துறையிடம் தொலைபேசியில் பாதுகாப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கத்தோலிக்கர் வாழ்ந்த அந்தத் தெரு எரிந்தது. 15 வயதுச் சிறுவன் ஒருவன் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டான். பிறகு இரு தரப்பையும் பிரிக்கப் பிரித்தானிய இராணுவம் முட்கம்பி போட்டது. தற்காலிக ஏற்பாடுதான் என்றார்கள். இன்று அந்த இடத்தில் வீடுகளைவிட உயரமான சுவர் நிற்கிறது.

அவர் சொல்லி முடித்ததும், 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிவதைக் கண்ட அதிர்ச்சியில் உயிர்நீத்த நம் தாவீது அடிகளாரைப் பற்றிச் சொன்னேன். அந்த நூலகம் உருவாக உழைத்தவர்களில் லோங் அடிகளாரும் ஒருவர் என்றேன். முதியவர் வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

1986 இல் நம் மண்ணில் ஆயுத இயக்கங்கள் ஒன்றோடொன்று மோதி, நம் பிள்ளைகள் தெருக்களில் கொல்லப்பட்ட செய்தி வந்த வாரங்களில் எனக்குச் சரியாக உறக்கமில்லை. எழுபதுகளில், பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக ஆயுதமேந்திய ஐரிஷ் குடியரசுப் படையின் இரு பிரிவுகள் தங்களுக்குள் சுட்டுக்கொண்டபோது நடுவில் போய் நின்று பேசியவர் இதே மடத்து அலெக் ரீட் அடிகளார் என்பதை அப்போதுதான் அறிந்தேன். நமக்கு அப்படி யார் கிடைத்தார்கள் என்று அன்று ஏங்கினேன். இன்றும் ஏங்குகிறேன்.

1988 மார்ச் 19 அன்று இறுதி ஊர்வலமொன்றுக்குள் காரோடு அகப்பட்ட இரண்டு பிரித்தானியப் படையினரைக் கூட்டம் இழுத்து அடித்தது. ரீட் அடிகளார் அவர்களைக் காக்க முயன்றார், விரட்டப்பட்டார். அவர்கள் சுடப்பட்டதும் ஓடிப்போய் மூச்சுக் கொடுத்துப் பார்த்தார், அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். அவர் முழந்தாளிட்டிருக்கும் புகைப்படத்தை உலகமே கண்டது. அந்நேரம் அவரிடம் ஒரு கடித உறை இருந்ததைப் பலர் அறியார். வன்முறையை எதிர்த்த ஐரிஷ் தேசியவாதத் தலைவர் ஜோன் ஹியூமிடம் சேர்க்கவேண்டிய, சமாதானத்துக்கான யோசனைகள், குடியரசுப் படையின் அரசியல் பிரிவான ஷின் ஃபெய்ன் கட்சியினுடையவை, அதில் இருந்தன. உறையில் இரத்தம் படிந்துவிட்டதால் வேறு உறையிலிட்டு ஒப்படைத்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1998 ஏப்ரல் 10 பெரிய வெள்ளியன்று வட அயர்லாந்துச் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. 2005 இல் குடியரசுப் படை ஆயுதங்களைக் கைவிட்டதற்கு இரண்டு சமயக் குருமார் சாட்சிகளாக நின்றார்கள்: ரீட் அடிகளாரும் மெதடிஸ்த போதகர் ஹரல்ட் குட்டும். ரீட் அடிகளார் 2013 இல் காலமானார்.

நம் பழைய மாணவர் சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு ஒன்றுகூடலுக்குக் குளோனார்டிலிருந்து ஒருவரை அழைத்துப் பேசச் செய்யுங்கள். இங்கே பிறந்த நம் பிள்ளைகளை முன்வரிசையில் அமர்த்துங்கள். பயணச் செலவை நான் ஏற்கிறேன்.