வெளிநாடு போய் வந்த முதுகுவலி

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறேன். தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு நான் 'மிஸ்ஸி'. சவுதி, குவைத் என்று வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்கள் கிளினிக்குக்கு நிறைய வருவார்கள். முதுகுவலி, தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, நெஞ்செரிவு. மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் அரிது. அந்தப் பேச்சு வந்தாலும், மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு எழும்பும்போதுதான் வரும்.

ஓர் அக்கா ஷொப்பிங் பேக் நிறைய எக்ஸ்ரேயும் ஈசிஜியும் கொண்டுவந்தார். "எல்லாம் நோர்மல்னு சொல்றாங்க மிஸ்ஸி, அப்ப நான் வலிக்குதுன்னு சொல்றது பொய்யா?" போன இடத்தில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்து, அடித்து, வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். இப்போதும் பக்கத்து வீட்டுக் காம்பிராவில் கதவு அடித்தால் திடுக்கிட்டு எழும்புகிறாராம். இப்படி எந்நேரமும் விறைத்துக்கொண்டிருக்கும் உடம்பில் தசை வலிக்கும், நெஞ்சு அடிக்கும், தூக்கம் கெடும். வலி நிஜம்தான். "ஒன்றுமில்லை, போங்க" என்று அனுப்புவது எனக்குப் பிடிப்பதில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. கிளினிக் கொப்பியில் மனச்சோர்வு என்று ஒருமுறை எழுதிவிட்டால், பிறகு எந்த நோவும் மனசின் கணக்கில்தான் போகும். மனச்சோர்வுக்குக் கேட்கும் பிஎச்கியூ-9 படிவத்தில் தூக்கம், களைப்பு, பசி மூன்றையும் கேட்கிறோம். இரத்தச்சோகை, தைரொயிட், நீரிழிவு எதுவானாலும் களைப்பு வரும். தோட்டத்துப் பெண்களிடம் இரத்தச்சோகை சாதாரணம் வேறு. அந்த அக்காவின் களைப்பையும் தாகத்தையும் வேறோர் இடத்தில் மன உளைச்சல் என்று விட்டிருந்தார்கள். வெறும் வயிற்றில் இரத்தத்துச் சீனி 126 வந்தாலே நீரிழிவு என்று சந்தேகிப்போம். அவருக்கு 200ஐத் தாண்டியிருந்தது. மனச்சோர்வோடு இருப்பவர் மாத்திரையை மறப்பார், நேரத்துக்குச் சாப்பிடமாட்டார். பிறகு சீனி எப்படி இறங்கும்?

இரண்டையும் ஒரே நாளில் பார்க்கத்தான் முயல்கிறேன். கிளினிக்குக்கு வந்தால் அன்றைக்குத் தோட்டத்து வேலைக் கணக்கில் பேர் இல்லை, சம்பளம் போச்சு. இன்னொரு நாள் வா என்றால் வரமாட்டார்கள். மாமியார் கூட வந்திருந்தால் மருந்து எடுக்க வரிசைக்கு அனுப்பிவிட்டு, பிரஷரை மறுபடி பார்ப்பேன். சிலருக்கு அதுவே குறைந்திருக்கும். பேச்சும் அப்போதுதான் வரும்.

டொக்டர் அந்த அக்காவுக்கு இரவில் போட அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மாத்திரையைக் கொஞ்சமாக எழுதினார். வீட்டில் அதை முதுகுவலி மாத்திரை என்று சொல்லியிருக்கிறாராம். சரி, அதுவும் பொய்யில்லை, நாட்பட்ட வலிக்கும் கொடுக்கிற மருந்துதான். நிறை கூடலாம் என்பதால் ஒவ்வொரு முறையும் தராசில் ஏற்றிப் பார்க்கிறேன், சீனியும் இருக்கிறதே.