பிரேக்கை மிதித்தால் மீட்டர் எரியும் பைக்

"மாமா, சின்ன பிராப்ளம்தான், அஞ்சு நிமிஷம்" என்று அக்கா மகன் வந்து நின்றான். புதிதாக வாங்கிய பழைய பைக். யாரோ ஆசையாக கஃபே ரேசராக, அதாவது பழைய காலத்து ரேஸ் பைக் தோற்றத்துக்கு, மாற்றிய வண்டி. அதைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தான். செல்ஃப் எடுக்கவில்லை. கிக்கரையும் காணோம், லுக் கெடுகிறது என்று முந்தைய ஓனர் கழற்றிவிட்டாராம்.

சீட்டைத் தூக்கினால் கறுப்பு ஒயர்கள். அத்தனையும் கறுப்பு. கம்பெனி கொடுத்த கலர்கள் அந்த மனிதரின் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும். இனி ஒயரிங் டயகிராமை மடித்து ஆடும் ஸ்டூலுக்கு முட்டுக் கொடுக்கலாம்.

பேட்டரியில் 9 வோல்ட்டுதான் இருந்தது. நல்ல பேட்டரி என்றால் 12.6 காட்ட வேண்டும். சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் ஒயரோடு, கரண்ட்டும் வோல்ட்டும் அளக்கும் மல்டிமீட்டரைத் தொடராக இணைத்தேன். சாவி ஆஃப். ஆனாலும் 30 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. 5 ஆம்பியர் ஹவர் பேட்டரியை ஒரே வாரத்தில் குடித்துவிட அது போதும்.

"இப்ப செல்ஃப் அடிக்கட்டா மாமா?"

கையைத் தட்டிவிட்டேன். செல்ஃப் மோட்டார் இழுக்கிற கரண்ட்டுக்கு மல்டிமீட்டருக்குள் இருக்கும் 10 ஆம்பியர் ஃபியூஸ் எந்த மூலைக்கு?

கரண்ட் திருடன் டேங்குக்கு அடியில் இருந்தான். நேராக பேட்டரியில் கொடுத்த யுஎஸ்பி சார்ஜர், நீல விளக்கோடு. "ராத்திரில அழகா இருக்கும் மாமா" என்றான் பையன். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற லைனுக்கு அதை மாற்றினேன்.

அடுத்த அதிசயம் பின்னால். பிரேக்கை மிதித்தால் பிரேக் லைட் எரியவில்லை, மீட்டர் லைட் மங்கலாக எரிந்தது. "பிரேக் பிடிச்சா நமக்கே தெரியற மாதிரி வெச்சிருக்காங்க போல" என்று ஒரு விளக்கமும் கொடுத்தான். நமக்குத் தெரியாமலா பிரேக்கை மிதிக்கிறோம்?

இதற்கு எர்த்தைத்தான், அதாவது கரண்ட் ஃப்ரேம் வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதையைத்தான், முதலில் பிடித்து உலுக்க வேண்டும். பின்னால் இருப்பது 21/5 வாட் இரட்டை ஃபிலமென்ட் பல்பு. இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான். அது விட்டுப்போனால், பிரேக் ஃபிலமென்ட்டுக்குள் போன கரண்ட் டெயில் ஃபிலமென்ட் வழியாகத் திரும்பி, அதே லைனில் இருக்கும் மீட்டர் பல்பைப் பிடித்துக்கொண்டு எர்த்துக்கு வந்து சேரும். ஹெட்லைட் சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போதுதான் இந்த வேடிக்கை நன்றாகத் தெரியும். பிரேக்கை மிதிக்கச் சொல்லி, பேட்டரி நெகட்டிவுக்கும் பல்பு ஹோல்டரின் தகரத்துக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தேன். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் 11 வோல்ட்.

காரணம், ஃப்ரேமுக்கு அடித்திருந்த பெயின்ட். கண்ணாடி மாதிரி மின்னியது, உண்மையிலேயே நல்ல வேலை. அந்தப் பெயின்ட்டின் மேலேயே எர்த் போல்ட்டை முடுக்கியிருந்தார்கள். உப்புத்தாள் போட்டு அந்த இடத்தைச் சுரண்டும்போது பையனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அவன் தோலையே உரிப்பது போல நெளிந்தான். அங்கிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் தனி ஒயரும் இழுத்தேன். பிரேக் லைட் பளிச்.

கடைசியாக, இடது இண்டிகேட்டர் போட்டால் நான்கும் சேர்ந்து கண்ணடித்தன. மீட்டரில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே ஒரு இண்டிகேட்டர் பல்பு. அதன் ஒரு கால் இடது லைனில், இன்னொரு கால் வலது லைனில். பழைய பல்புகள் இருந்தவரை, அதன் வழியாகக் கசியும் கரண்ட் எதிர்ப்பக்கத்தை எரிக்கப் போதாது. இப்போது மாட்டியிருக்கும் எல்இடிக்கு அதுவே தாராளம். கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோடு இரண்டு வைத்து, இரு லைன்களையும் பல்பின் ஒரு காலுக்குக் கொடுத்து, மறுகாலை எர்த் செய்தேன். இடது என்றால் இடது மட்டும்.

பையன் முகம் தொங்கிப்போனது.

"நாலும் எரிஞ்சா ஹசார்டு லைட் மாதிரி கெத்தா இருந்துச்சு மாமா. அதுக்கு ஒரு தனி சுவிட்ச் வெச்சுத் தரீங்களா? ஒயர் நானே வாங்கிட்டு வந்துட்டேன்."

பையிலிருந்து எடுத்தான். ஒரு சுருள், முழுக்கக் கறுப்பு.