கூலிங் காயில் வரைக்கும் வந்தாச்சு: 2003 மாருதி ஜென் கார், ஏசி லீக் வேட்டை

கண்டுபிடித்துவிட்டேன். துணி அலசும் பெரிய டப்பில் தண்ணீர் நிரப்பி, கார் ஏசியிலிருந்து கழற்றிய கூலிங் காயிலை (டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர வைக்கும் பாகம்) முக்கி, அதற்குள் நைட்ரஜனைத் திறந்தேன். கீழ் மூலையில், கடைசி வளைவுக்குப் பக்கத்தில், கடுகு அளவில் ஒரு குமிழி எழும்பி வந்தது. நாலு நொடி கழித்து இன்னொன்று. இரண்டு கோடையாக என் காசைக் குடித்தது இந்த ஓட்டைதான்.

இதுவரை மூன்று முறை கேஸ் போட்டாயிற்று. ஒவ்வொரு முறையும் ஒரே கதை. வேக்கம் பம்பை மாட்டி, உள்ளே இருக்கும் காற்றை முக்கால் மணி நேரம் இழுப்பார்கள். அப்புறம் கேஜ் முள் அசையாது. "லீக்கே இல்லண்ணே" என்று சொல்லி கேஸை ஏற்றி அனுப்பிவிடுவார்கள். இரண்டு மாதம் முதலியார்பேட்டையிலிருந்து கடலூர் வரை ஜில்லென்று போவேன். மூன்றாவது மாதம் அரியாங்குப்பம் பாலத்து நெரிசலில் வேர்வை வழியும்.

வேக்கம் நிற்பதை வைத்து லீக் இல்லை என்று சொல்லவே முடியாது. எவ்வளவு இழுத்தாலும் வெளியிலிருந்து உள்ளே அழுத்துவது ஒரு வளிமண்டலம், அதாவது 14.7 பிஎஸ்ஐதான். ஓடும்போது கண்டன்சர் (சூட்டை வெளியே விடும் பாகம்) பக்கம் உள்ளிருந்து வெளியே 200-க்கு மேல் தள்ளுகிறது. பைப் இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங், பழையதாக இருந்தால் வேக்கம் அதை உள்ளே இழுத்து அதுவே ஓட்டையை அடைத்துக்கொள்ளும். வண்டி நிற்கும்போது கேஜ் மாட்டிப் பார்ப்பதும் இப்படித்தான் ஏமாற்றும். 30 டிகிரி வெயிலில் ஆர்-134ஏ, அதாவது ஏசி கேஸ், சுமார் 97 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே சொட்டு திரவம் இருக்கும்வரை அதையேதான் காட்டும். சமையல் சிலிண்டர் தீரும் நாள்வரை அடுப்பு நன்றாக எரிவதில்லையா, அந்த மாதிரி.

அதனால் இந்த முறை நைட்ரஜனை அழுத்தத்தோடு ஏற்றித்தான் பார்ப்பது என்று பிடிவாதம். சிலிண்டர் தேடி ஒரு வெல்டிங் கடைக்குப் போனால், "நைட்ரஜன் எதுக்கு சார், ஆக்சிஜன் இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். உள்ளே கம்ப்ரஸர் ஆயில் இருக்கிறது. அதில் அழுத்தத்தோடு ஆக்சிஜன் விட்டால் வெடிக்கும். டயர் கடைக் காற்றும் வேண்டாம், அதில் ஈரம் இருக்கும். கடைசியில் வில்லியனூர் பக்கம் ஒருவர் ரெகுலேட்டரோடு நைட்ரஜன் வாடகைக்குத் தந்தார். ரெகுலேட்டர் இல்லாமல் அந்தச் சிலிண்டரைத் தொடாதீர்கள்.

முதல் நாள் மாலை நாலு மணிக்கு 150 பிஎஸ்ஐ வைத்து மூடினேன். காலை ஆறு மணிக்குப் பல்கூட விளக்காமல் போய்ப் பார்த்தால் 131. பத்தொன்பது போய்விட்டதே என்று பதறினேன். அப்புறம்தான் உறைத்தது: மாலையில் 36 டிகிரி, விடியலில் 27. காற்று குளிர்ந்தாலே அழுத்தம் இறங்கும். கணக்குப் போட்டால் (கேஜ் அளவோடு 14.7 சேர்த்து, டிகிரியோடு 273 சேர்த்துப் போட வேண்டும்) லீக்கே இல்லாவிட்டாலும் 145-தான் நிற்கும். ஆக உண்மையில் போனது பதினாலு. இந்தக் கணக்கு தெரியாமல் நல்ல சிஸ்டத்தைப் பிரித்துப் போட்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒரே நேரத்தில், அதாவது இன்று காலை ஆறுக்கும் நாளைக் காலை ஆறுக்கும் பார்த்தால் இந்தக் குழப்பம் பெரிதாக வராது. எனக்குத்தான் பொறுமை கிடையாது.

சோப்புத் தண்ணீர் அடித்ததில் கண்டன்சருக்குப் போகும் பைப் நட்டில் நுரை கட்டியது. பிரித்தால், உள்ளே ஹார்டுவேர் கடையில் விற்கும் சாதாரணக் கறுப்பு ஓ-ரிங், சப்பையாகி வெடித்துக் கிடந்தது. போன வருடம் யாரோ மாட்டிய கைங்கரியம். ஏசிக்கு என்றே வரும் பச்சை ரிங்கை ஆயிலில் தோய்த்து மாட்டினேன். இங்கே இரண்டு ஸ்பேனர் வேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. அவசரத்தில் ஒன்றை வைத்தே திருப்பி, அலுமினியப் பைப்பைக் கொஞ்சம் முறுக்கிவிட்டேன். உடையவில்லை, தப்பித்தேன்.

மறுபடி 150. மறுபடி காலை: 138. இருக்க வேண்டியது 145. இன்ஜின் அறைக்குள் எங்கு அடித்தாலும் நுரை இல்லை. மிச்சம் இருப்பது டேஷ்போர்டுக்குள்தான். குளோவ் பாக்ஸைக் கழற்றி, காயில் இருக்கும் பெட்டியைப் பிளந்து அதை எடுத்தேன். இரு முனையையும் அடைக்க நெல்லித்தோப்பு லேத் பட்டறையில் பழைய பைப் நுனியை வைத்து மூடி செய்துகொண்டேன்.

காயிலின் அடிப்பாகத்தில் ஒரு விரல் கனத்துக்குக் கறுப்புச் சேறு. கிளறினால் வேப்பம்பூ, வேப்பிலைத் துணுக்கு, மண். என் வண்டி மாதிரி அந்தக் கால வண்டிகள் பலவற்றில் ஏசி ஃபில்டர் கிடையாது. வைப்பருக்குக் கீழே இருக்கும் ஜன்னல் வழியாக எல்லாம் நேரே உள்ளே வந்துவிடும். வருடக்கணக்கில் ஈரத்தோடு ஒட்டிக்கிடந்து அலுமினியத்தை அரித்திருக்கிறது. கடல் காற்று வேறு. ஓட்டை இருந்ததும் சரியாக அந்தச் சேற்றுக்கு அடியில்தான்.

லீக்கை அடைக்கும் திரவம் ஒன்று டப்பாவில் விற்கிறார்கள், அதை ஊற்றச் சொல்லி இரண்டு பேர் யோசனை சொன்னார்கள். ஈரம் பட்டால் அது உள்ளேயே இறுகி, காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கும். வேண்டவே வேண்டாம்.

புதுக் காயிலுக்குச் சென்னை ஜி.பி. ரோட்டில் சொல்லியிருக்கிறேன். விலை குறைந்த காப்பியும் இருக்கிறது, தகடுகள் இடைவெளி விட்டு இருக்கும், கையில் எடுத்தாலே எடை குறைவு தெரியும். கூடவே உள்ளே இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் வருகிறது. சிஸ்டத்தைத் திறந்துவிட்டால் அதை மாற்றியே ஆக வேண்டும், அதன் மூடியைக் கடைசி நிமிடத்தில்தான் கழற்றுவேன். அதற்குள் வைப்பர் ஜன்னலுக்கு எஃகு வலை வெட்டலாம் என்று ஞாயிற்றுக்கிழமை எம்.ஜி. ரோடு சந்தைக்குப் போனேன். வலை கிடைக்கவில்லை, தேவையே இல்லாத ஒரு கேஜ் செட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வண்டியை மரத்தடியிலிருந்து தள்ளி நிறுத்து என்றால் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "நிழல் இல்லாட்டி உன் ஏசி என்னத்தடா குளிரும்?" என்கிறார். போனெட்டில் விழுந்த பூவை முறத்தில் கூட்டி, ரசத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். பார்சல் வெள்ளிக்கிழமை வரும். குளோவ் பாக்ஸ் திண்ணையில் கிடக்கிறது. அதுவரை கடலூருக்குப் பஸ்தான்.