மாஞ்சா அறுத்த இறக்கை

சென்னை காசிமேட்டில் மீன் கழிவைக் குறிவைத்து வட்டமடிக்கும் பருந்துகளும், ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி மொட்டைமாடிகளில் ஏறும் காத்தாடிகளும் ஒரே வானத்தில்தான் பறக்கின்றன. காத்தாடி விடும் நைலான் மாஞ்சா நூலைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. ஆனால் மரத்திலும் கேபிளிலும் ஏற்கெனவே சிக்கிக் கிடக்கும் நூல் மக்காது. காத்தாடி சீசன் ஓய்ந்த பிறகும் அடிபட்ட பருந்துகள் வருவது இதனால்தான். வன உயிர் மீட்பு மையத்துக்கு இன்டர்ன்ஷிப் வருகிறவர்கள் இந்தக் காயத்தை நன்றாகப் புரிந்துகொண்டு வர வேண்டும்.

தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, இறக்கையின் முன் ஓரத்தில் மெல்லிய சவ்வு ஒன்று விரிந்திருக்கும். நூல் அங்கேதான் பாயும். புண் பார்க்க ஒரு அங்குலம்தான், ரத்தமும் உறைந்திருக்கும், 'சின்ன வெட்டு' என்று தோன்றும். அந்த ஓரத்துக்குள் ஓடும் தசைநாண் அறுந்திருந்தால் எலும்பு உடையாமலேயே பருந்து பறக்கும் திறனை இழந்துவிடும். நூலை இழுக்கவே கூடாது. இழுத்தால் ரம்பம் மாதிரி இன்னும் அறுக்கும். இரு பக்கமும் விரல் நீளம் விட்டு வெட்டிவிடுங்கள், மீதியை மருத்துவர் எடுப்பார்.

பிடிக்கும்போது துண்டைத் தலையோடு சேர்த்துப் போர்த்தி, முதலில் கால்களைப் பற்றுங்கள். அலகைவிட நகம்தான் ஆபத்து. நெஞ்சை இறுக்கக் கூடாது. பறவைக்கு உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு ஏறி இறங்கினால்தான் மூச்சு. காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டி, அடியில் துணி, உள்ளே இருட்டு. இவ்வளவு போதும். சிலர் பறவையின் வாயில் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவருகிறார்கள், மனசு கேட்காமல் செய்வதுதான். ஆனால் மூச்சுக்குழல் வாய் நாக்கின் வேர்ப்பகுதியிலேயே திறந்திருப்பதால் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும்.

சேர்த்தவுடன் எடை பாருங்கள், நெஞ்செலும்பைத் தடவுங்கள். கத்தி முனைபோல் துருத்தியிருந்தால் பல நாள் பட்டினி. அப்படிப்பட்ட பருந்துக்கு உடனே கறி கொடுத்தால் உடம்பு தாங்காது, முதலில் திரவம்தான். கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 மில்லி என்பது அடிப்படைக் கணக்கு, 700 கிராம் பருந்துக்கு 35 மில்லி. நீரிழப்புக்கு ஏற்ப மருத்துவர் கூட்டுவார். தேறிய பிறகும் வெறும் சதை மட்டும் போடக் கூடாது, எலும்போடு கொத்திய கோழி வேண்டும். இல்லையென்றால் கால்சியம் குறையும்.

இறக்கைக் கட்டு எட்டு வடிவில். கட்டை வாரக்கணக்கில் அவிழ்க்காமல் விட்டால் சவ்வு சுருங்கி இறுகும், புண் ஆறியும் இறக்கை விரியாது. மருத்துவர் சொல்லும் நாளில் அவிழ்த்து மெல்ல நீட்டி மடக்கும் பயிற்சிதான் பறக்கும் வாய்ப்பைக் காப்பாற்றுகிறது. இன்டர்ன்கள் சலிப்பில் தள்ளிப்போடும் வேலையும் இதுவே, தள்ளிப்போடாதீர்கள்.

கூண்டில் இரண்டைக் கவனியுங்கள். சிமென்ட் தரையிலேயே நின்றால் பாதம் வீங்கிப் புண்ணாகும், அதனால் உட்காரும் கட்டையில் தென்னங்கயிறு சுற்ற வேண்டும். கம்பி வலையில் மோதினால் வால் இறகு முறியும், பழைய எக்ஸ்ரே பிலிமை உறைபோல் மடித்து வாலுக்குப் போட்டுவிடலாம். முறிந்த இறகு அடுத்த இறகுதிர்வு வரை முளைக்காது, ஒரு மாதத்தில் போகவேண்டிய பருந்து பல மாதம் கூண்டிலேயே கிடக்கும்.

விடுவது அடிபட்ட பகுதிக்குப் பக்கத்திலேயே, மழையில்லாத காலையில். கடற்காற்று ஏறிக் காத்தாடிகள் கிளம்புவதற்குள் அது உயரம் பிடித்திருக்க வேண்டும்.